மைக்குக்குப் பக்கத்தில் ஒரு ரெக்கார்ட் பட்டன்

நேயர்களுக்கு வணக்கம்.

வீட்டிலேயே பாட்டோ கதையோ பதிவு செய்பவர்களில் பலருக்குக் கூடமாட ஆள் கிடையாது. பாடுவதும் அவரே, ரெக்கார்ட் பட்டனை அழுத்துவதும் அவரே. அழுத்திவிட்டு மைக்குக்கு ஓடவேண்டும், மூச்சு அடங்குவதற்குள் பல்லவியை எடுக்கவேண்டும். பாதியில் பிசகினால் மறுபடி ஓட்டம். நாலாவது தடவையில் குரல் களைத்துவிடும். இந்த ஓட்டத்தை நிறுத்த, வீட்டில் சும்மா கிடக்கும் பழைய டேப்லெட் ஒன்று போதும். வைஃபை வழியாகக் கம்ப்யூட்டருக்கு அது ரிமோட் ஆகிவிடும்.

லேப்டாப்பையே மைக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். லேப்டாப்புக்குள் ஒரு குட்டி விசிறி சுற்றுகிறது. சீலிங் ஃபேனை நிறுத்திவிட்டு வேர்வையோடு பாடுகிறோம், இந்தக் குட்டி விசிறியை மைக்குக்கு முன்னால் வைத்தால் என்ன பயன்? கம்ப்யூட்டர் தள்ளி இருக்கட்டும், முடிந்தால் அடுத்த அறையில். மைக்கிலிருந்து வரும் மூன்று முனைக் கேபிள் பத்து மீட்டர் போனாலும் ஒலி கெடாது. யூஎஸ்பி கேபிளுக்கு ஐந்து மீட்டர்தான் எல்லை, அதனால் மைக்கின் ஒலியைக் கம்ப்யூட்டருக்குள் அனுப்பும் பெட்டியான ஆடியோ இன்டர்ஃபேஸ் கம்ப்யூட்டரோடு இருக்கட்டும். மைக், ஹெட்ஃபோன், டேப்லெட் மூன்றும் உங்களோடு.

ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளை வைத்துச் சொல்கிறேன். அதற்கு டேப்லெட்டில் தனி ஆப் வேண்டாம், சாதாரண பிரவுசர் போதும். ஆப்பிளின் ஒலிப்பதிவு மென்பொருளான லாஜிக்கும் ஐபேடும் வைத்திருப்பவர்களுக்கு லாஜிக் ரிமோட் என்ற ஆப் 2013-லிருந்தே இருக்கிறது, அவர்கள் அதையே வைத்துக்கொள்ளலாம்.

ரீப்பரில் பிரிஃபரன்ஸஸ் திறந்து, ‘கன்ட்ரோல், ஓஎஸ்சி, வெப்’ என்ற பக்கத்துக்குப் போய், ‘ஆட்’ அழுத்தி, ‘வெப் பிரவுசர் இன்டர்ஃபேஸ்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். போர்ட் எண் 8080 என்று இருக்கும், அப்படியே விடலாம். பயனர் பெயர், கடவுச்சொல் கேட்கும் கட்டத்தை நிரப்பிவிடுங்கள். அதே வைஃபையில் இருக்கும் வேறொருவர் கை தவறி உங்கள் பதிவைத் தொடாமலிருக்க அது உதவும். இனி டேப்லெட்டின் பிரவுசரில் கம்ப்யூட்டரின் முகவரியை அடிக்கவேண்டும்: பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும் எண், அதன்பின் கோலன் (:), அதன்பின் 8080. ரெக்கார்ட், ஸ்டாப் பட்டன்களும் டிராக்குகளும் திரையில் வந்துவிடும்.

வரவில்லையா? காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று. டேப்லெட் விருந்தினருக்கான கெஸ்ட் வைஃபையில் இருக்கலாம். அந்த வலையில் ஒரு கருவி இன்னொன்றைப் பார்க்காதபடி ரவுட்டர் தடுத்துவைக்கும். அல்லது விண்டோஸில் உங்கள் வைஃபை ‘பப்ளிக்’ என்று குறிக்கப்பட்டு, ஃபயர்வால் மறித்திருக்கலாம், அதை ‘பிரைவேட்’ ஆக்குங்கள். நேற்று வந்தது, இன்று வரவில்லை என்றால் ரவுட்டர் கம்ப்யூட்டருக்கு வேறு எண் கொடுத்திருக்கும். ரவுட்டர் அமைப்பில் அந்தக் கம்ப்யூட்டருக்கு எண்ணை நிரந்தரமாக ஒதுக்கிவிட்டால் இந்தத் தொல்லை தீர்ந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும், பிறகும் சொல்வேன். வைஃபையில் உங்கள் குரல் போவதில்லை. ‘தொடங்கு’, ‘நிறுத்து’ என்ற ஆணை மட்டும்தான் போகிறது. அதனால் இன்டர்நெட் இல்லாவிட்டாலும் வேலை நடக்கும், ரவுட்டர் ஓடிக்கொண்டிருந்தால் போதும். கரண்ட் போய் ரவுட்டர் அணைந்தாலும், லேப்டாப் பேட்டரியில் ஓடி, இன்டர்ஃபேஸும் அதிலிருந்தே மின்சாரம் எடுத்தால், பதிவு அறுபடாது. நிறுத்துவதற்கு மட்டும் எழுந்து போகவேண்டியிருக்கும். பதறாமல் பாடி முடியுங்கள்.

அடுத்தது எனக்கு மிகவும் வேண்டிய விஷயம், கொஞ்சம் நின்று சொல்கிறேன். மிக்ஸர் முழுவதையும் டேப்லெட்டில் கொண்டுவரவேண்டும் என்று பலர் ஆசைப்படுகிறார்கள். ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடர் இருபது, பட்டன் நாற்பது. பாடிக்கொண்டிருப்பவர் அதில் எதைத் தேடுவார்? பதிவு நேரத்தில் வேண்டியது நாலே பட்டன், கட்டைவிரல் அகலத்தைவிடப் பெரிதாக. ரீப்பரில் ஒவ்வொரு செயலுக்கும் ஓர் எண் உண்டு. 1013 பதிவைத் தொடங்கும். 40667 நிறுத்திச் சேமிக்கும். 40668 நிறுத்தி, பதிந்ததை அழித்துவிடும். 40157 ஓடிக்கொண்டிருக்கும் இடத்தில் ஒரு குறி வைக்கும். பிரவுசருக்குப் பதிலாக, நாமே பட்டன் வரைந்துகொள்ள உதவும் டச் ஓஎஸ்சி போன்ற ஆப்பில் இந்த எண்களைக் கொடுத்துப் பட்டன் செய்துகொள்ளலாம். சேமிப்பதையும் அழிப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கவே கூடாது. ஒன்று இடது ஓரம், மற்றது வலது ஓரம், நிறமும் வேறு.

இந்த நாலில் குறி வைக்கும் பட்டன்தான் தங்கம். பிசகினால் நிறுத்தாதீர்கள். குறி வையுங்கள், இரண்டு விநாடி சும்மா இருங்கள், அந்த வரியை மறுபடி எடுங்கள். பதிவு ஓடிக்கொண்டே இருக்கட்டும். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் ஒற்றை மைக்குக்கு ஒரு மணி நேரம் 520 மெகாபைட்டைத் தாண்டாது, இதில் சிக்கனம் வேண்டாம். பிறகு கம்ப்யூட்டரில் சதுர அடைப்பு விசைகளில், [ அழுத்தினால் முந்தைய குறிக்கும், ] அழுத்தினால் அடுத்த குறிக்கும் தாவலாம். பிசகு எங்கே என்று முழுவதையும் கேட்டுத் தேடவேண்டியதில்லை. நிறுத்தி நிறுத்திப் பாடியதில் ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு மூச்சாக இருக்கும். நிறுத்தாமல் பாடியதில் குரலின் சூடு ஒன்றாக இருக்கும், ஒட்டும்போது தையல் தெரியாது.

ஒரு எச்சரிக்கை. டேப்லெட்டில் ஃபேடரை இறக்கினால் ஒலி உடைவது நிற்கும் என்று நினைக்காதீர்கள். குரல் கம்ப்யூட்டருக்குள் நுழையும் அளவைத் தீர்மானிப்பது இன்டர்ஃபேஸில் இருக்கும் கெய்ன் குமிழ். பெரும்பாலான வீட்டு இன்டர்ஃபேஸ்களில் அதைக் கையால்தான் திருப்பமுடியும். ஃபேடர் அதற்குப் பின்னால் இருக்கிறது, உடைந்து வந்ததைக் குறைந்த சத்தத்தில் கேட்கவைக்கும், அவ்வளவுதான். தொடங்குமுன் உச்ச ஸ்தாயியில் ஒருமுறை பாடிப் பாருங்கள், டேப்லெட்டில் மீட்டர் மைனஸ் 10 டெசிபலைத் தாண்டாதபடி குமிழை வைத்துவிட்டு வாருங்கள்.

டேப்லெட்டை மைக் ஸ்டாண்டிலேயே மாட்டாதீர்கள். விரல் தட்டுவது கம்பி வழியாக ஏறி மைக்கில் ‘டொக்’ என்று விழும். தனி ஸ்டாண்டிலோ, மடித்த துண்டின் மேலோ வையுங்கள். ஏர்பிளேன் மோடைப் போட்டு, பிறகு வைஃபையை மட்டும் திறந்துவிடுங்கள். தொடு ஒலியை அணையுங்கள். திரை தானாக அணையும் நேரத்தை நீட்டுங்கள், கம்ப்யூட்டர் தூங்கிப்போவதையும் தடுத்துவிடுங்கள். சுருதிப் பெட்டி ஆப்பை இதே டேப்லெட்டில் ஓடவிடவேண்டாம். ஸ்பீக்கரில் வரும் சுருதி மைக்கில் ஏறிவிட்டால் குரலிலிருந்து அதைப் பிரிக்கமுடியாது. சுருதியை ரீப்பரில் ஒரு டிராக்காகப் போட்டு ஹெட்ஃபோனில் கேளுங்கள்.

ஹெட்ஃபோன் கலவையைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன், கடிகாரம் விடவில்லை. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். ஹெட்ஃபோனில் உங்கள் குரல் பின்தங்கிக் கேட்டால் டேப்லெட்டைக் குறை சொல்லாதீர்கள். வைஃபையில் குரல் போவதில்லை என்றேன் அல்லவா? அந்தத் தாமதம் கம்ப்யூட்டரின் பஃபரில், அதாவது ஒலியைக் கொஞ்சம் தேக்கிவைத்து அனுப்பும் இடத்தில், வருவது. குரலைக் கம்ப்யூட்டருக்குப் போகாமல் நேராக ஹெட்ஃபோனுக்குத் தரும் ‘டைரக்ட் மானிட்டர்’ குமிழ் இன்டர்ஃபேஸில் இருந்தால் அதைத் திறந்து, ரீப்பரில் உங்கள் குரல் டிராக்கின் மானிட்டரை, அதாவது பாடும்போதே கேட்கவைக்கும் வசதியை, அணைத்துவிடுங்கள். இரண்டும் திறந்திருந்தால் குரல் இரட்டிப்பாகக் கேட்கும்.

நன்றி, வணக்கம்.