புறாத்தீவுச் சுறாவா, பாயோரப் பாம்பா: யார் பெரிய ஆள்?

[காட்சி: இலங்கை, திருகோணமலைக்குப் பக்கத்தில் நிலாவெளிக் கரை. படகு தள்ளுகிறார்கள்.]

வணக்கம் மக்களே! பின்னால் தெரிகிறதே, அதுதான் புறாத்தீவு. படகில் ஏறுகிற ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவராவது, "அண்ணை, சுறா கடிக்காதோ?" என்று கேட்பார். உலகம் முழுக்கத் தேடினாலும் சுறா கடித்துச் சாகிறவர்கள் பெரும்பாலான வருடங்களில் பத்துப் பேரைத் தாண்டுவதில்லை. பாம்பு கடித்துச் சாகிறவர்கள்? உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி வருடத்துக்கு 81,000 முதல் 138,000 வரை! அப்படிப் பார்த்தால் படகோட்டி அண்ணைக்கு இந்தக் கடலைவிட, பொழுதுபட்ட பிறகு வீட்டுக்கு நடந்து போகிற ஒழுங்கைதான் ஆபத்து.

சரி, மிச்சப் புள்ளிவிவரத்தை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். உலகத்தில் வருடத்துக்கு ஏறத்தாழ 54 லட்சம் பாம்புக்கடி. தப்பியவர்களில் லட்சக்கணக்கானோருக்குக் கை காலை வெட்டியிருப்பார்கள், அல்லது நிரந்தர ஊனம். இந்தியாவில் மட்டும் 2000 முதல் 2019 வரை 12 லட்சம் சாவு. இலங்கையில் வீடு வீடாகப் போய் எடுத்த ஓர் ஆய்வு வருடத்துக்கு 80,000 கடி, 400 சாவு என்று மதிப்பிட்டது. இவ்வளவு இருந்தும் 2017இல்தான் இதைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தார்கள். கடிபடுகிறவர் கந்தளாயில் வரம்பு கட்டுகிறவர். மருந்துக் கம்பனிக்கு அவரால் என்ன லாபம்?

[காட்சி: இருட்டு அறை. தரையில் பாய்.]

இப்போது நான் சொல்லத் துடிக்கிற ஆளுக்கு வருகிறேன். கண்டங்கருவளை. கட்டுவிரியன், எட்டடி விரியன் என்றும் சொல்வார்கள். பகலில் சீண்டினால்கூட அநேகமாகச் சுருண்டு, தலையை உடம்புக்குள் ஒளித்துக்கொள்ளும். அதற்காக யாரும் சீண்டிப் பார்க்க வேண்டாம், கை கூப்பிக் கேட்கிறேன்! இரவில்தான் இரை தேடி வெளிக்கிடும், வீட்டுக்குள்ளும் வரும். பாயில் படுத்திருக்கிறவர் புரண்டு அதன் மேல் கை போட்டால் ஒரு கடி. பல் சின்னது. பெரிய வலியில்லை, வீக்கமில்லை. நுளம்பு என்று தட்டிவிட்டுத் திரும்பிப் படுத்தவர்கள் உண்டு.

விடியப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழும்புவார். வாந்தி. "ராத்திரி மீன்கறி பழுதாப் போச்சுது" என்று வீட்டில் இஞ்சித் தண்ணி காய்ச்சிக் கொடுப்பார்கள். அப்புறம் இமை சரியத் தொடங்கும். தூக்க முடியாமல் நாடியை உயர்த்தி, இமைக்குக் கீழால் எட்டிப் பார்ப்பார். பேச்சுக் குழறும், எச்சில் விழுங்க ஏலாது. கடைசியில் மூச்சு விடுகிற தசையும் படுத்துவிடும்.

நஞ்சு நரம்பின் நுனியையே அழிக்கிறது. தசைக்குப் போக வேண்டிய கட்டளை போகாது. அழிந்த நுனியை நஞ்சுமுறி ஊசி திருத்தாது. நரம்பு தானாக முளைக்க வேண்டும், அதற்கு நாள் கணக்காகும், வாரங்களும் ஆகலாம். அதுவரை மூச்சு விடுவது செயற்கைச் சுவாச மெசின்.

இதைப் படித்த அன்று எனக்கு நித்திரை வரவில்லை: ஆள் அசைய மாட்டார், கண் திறக்க மாட்டார், டோர்ச் அடித்தாலும் கண்மணி சுருங்காமல் போகலாம். பார்க்கிறவர்கள் முடிஞ்சுது என்றே நினைப்பார்கள். ஆனால் இதயம் அடித்துக்கொண்டிருக்கும். பக்கத்தில் பேசுவதுகூட அவருக்குக் கேட்கலாம். அப்படிக் கிடந்தவர்கள் எழும்பி வீட்டுக்கு நடந்து போயிருக்கிறார்கள்! அதனால் சொல்கிறேன், கட்டிலுக்குப் பக்கத்தில் ஒப்பாரி வைக்காதீர்கள். சீதனக் கதையும் வேண்டாம்.

[காட்சி: கண்ணாடிக் குழாயில் இரத்தம்.]

வயலில் காலைப் பிடிக்கிற கண்ணாடிப் புடையன் வேறு ரகம். அது இரத்தம் உறைவதைக் குழப்பும். அதைக் கண்டுபிடிக்கும் சோதனைக்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. சுத்தமான புதுக் கண்ணாடிக் குழாயில் கொஞ்ச இரத்தம், ஆட்டாமல் இருபது நிமிடம், அப்புறம் சரித்துப் பார்ப்பது. ஓடினால் நஞ்சு ஏறியிருக்கிறது. பிளாஸ்டிக் குழாய் சரிவராது.

நஞ்சுமுறி மருந்து இந்தியாவில் குதிரை இரத்தத்திலிருந்து செய்யப்பட்டு இங்கே வருகிறது. நாகம், கண்டங்கருவளை, கண்ணாடிப் புடையன், சுருட்டை விரியன், இந்த நாலுக்கும்தான். கடற்பாம்பு அதில் இல்லை. கரைவலை இழுக்கிற அண்ணமார், வலையில் வருவதைக் கையால் எடுத்து எறிவதை விடுங்கள்.

கடித்தால்? வெட்டாதே, உறிஞ்சாதே, இறுக்கிக் கட்டாதே. மோதிரத்தைக் கழற்றி, கை காலை அசையாமல் வைத்து 1990 அம்புலன்சுக்குக் கோல் அடி. பாம்பைத் தேடிப் பொல்லோடு ஓடாதே, இரண்டாவது ஆளும் கடிபடுவார்.

தரையில் படுக்கிறவர்கள் நுளம்பு வலையைக் கட்டி, ஓரத்தைப் பாய்க்குக் கீழே நாலு பக்கமும் செருகுங்கள். சும்மா தொங்கவிட்டால் பாம்புக்கு அது கதவுச் சீலை. வயல் காவலுக்குப் போகிற மாமா, சித்தப்பா யாராவது இருந்தால் இந்த வீடியோவை இப்பவே அனுப்புங்கள். கரைவலையில் கடற்பாம்பு பார்த்தவர்கள் கீழே எழுதுங்கள், அடுத்த வீடியோ அதுதான்!