உடைந்த பேச்சை ஒட்டியவர்கள்

நண்பர்களே, வணக்கம்.

அமெரிக்காவும் ஜப்பானும் நெருக்கமான நாடுகள் என்று யாராவது சொன்னால், அது தெரிந்ததுதானே என்று கேட்டுக்கொள்கிறோம். ராணுவ ஒப்பந்தம் இருக்கிறது, வியாபாரம் இருக்கிறது, அதனால் நெருக்கம் வந்துவிட்டது என்பது நம் கணக்கு. ஆனால் அமெரிக்கப் படைகள் ஜப்பானில் தங்க வழிசெய்யும், இன்றும் நடப்பில் இருக்கும் அந்தப் பாதுகாப்பு ஒப்பந்தம் கையெழுத்தானது 1960 ஜனவரியில். இரண்டு நாடுகளின் உறவு அறுந்துபோகும் நிலைக்கு வந்ததும் அதே 1960இல்தான்.

அந்த ஆண்டு மே மாதம் பிரதமர் கிஷி நோபுசுகே, எதிர்க்கட்சி உறுப்பினர்களைப் போலீஸை விட்டுத் தூக்கி வெளியேற்றிவிட்டு, நள்ளிரவில் ஒப்பந்தத்துக்குக் கீழவையின் ஒப்புதலை வாங்கினார். டோக்கியோ கொதித்தது. லட்சக்கணக்கான மக்கள் தெருவில் இறங்கினார்கள். ஜூன் 10ஆம் தேதி, அமெரிக்க அதிபர் ஐசனோவரின் பத்திரிகைச் செயலாளர் ஹனேடா விமான நிலையத்திலிருந்து வெளியே வரும்போது கூட்டம் அவர் காரை மறித்துக்கொண்டது. ஹெலிகாப்டர் வந்துதான் அவரை மீட்டது. ஜூன் 15 அன்று நாடாளுமன்ற வளாகத்தில் நடந்த மோதலில் ஒரு பல்கலைக்கழக மாணவி உயிரிழந்தார். ஜப்பானுக்கு வரவிருந்த ஐசனோவர் அப்போது மணிலா வரை வந்துவிட்டார். வர வேண்டாம் என்று ஜப்பான் அரசு சொல்லியனுப்பியது. அடுத்த மாதம் கிஷி பதவி விலகினார்.

வாஷிங்டனில் பலருக்கு இது புரியவில்லை. நம்மோடு நன்றாகப் பேசிக்கொண்டிருந்த நாடு திடீரென்று ஏன் இப்படி என்று திகைத்தார்கள். காரணத்தைத் தெளிவாகச் சொன்னவர் ஹார்வர்ட் பேராசிரியர் எட்வின் ரைஷாவர். டோக்கியோவில் பிறந்து வளர்ந்தவர், ஜப்பானிய மொழியில் தேர்ந்தவர். நம் உரையாடல் உடைந்து கிடக்கிறது என்று அந்த ஆண்டே ஒரு கட்டுரை எழுதினார். அமெரிக்கத் தூதரகம் யாரோடு பேசிக்கொண்டிருந்தது? ஆளுங்கட்சியோடும் பெரிய வணிகர்களோடும். சோஷலிஸ்ட் கட்சியோடு, தொழிற்சங்கங்களோடு, மாணவர்களோடு, எழுத்தாளர்களோடு யார் பேசினார்கள்? பாதி நாட்டிடம் மட்டும் பேசிவிட்டு முழு நாட்டையும் தெரியும் என்று நினைத்துக்கொண்டார்கள்.

இந்தப் பேராசிரியரையே கென்னடி 1961இல் தூதராக அனுப்பினார். ரைஷாவர் கட்டுரையில் எழுதியதைச் செய்தும் காட்டினார். எதிர்க்கட்சிக்காரர்களைச் சந்தித்தார், பல்கலைக்கழகங்களுக்குப் போனார், கேள்விகளுக்குப் பதில் சொன்னார். 1964 மார்ச்சில் தூதரக வாசலில் ஓர் இளைஞன் அவரைக் கத்தியால் குத்தினான். ஜப்பானியர்கள் கொடுத்த ரத்தத்தில் பிழைத்தார். தன் உடம்பில் இப்போது ஜப்பானிய ரத்தமும் ஓடுகிறது என்று அவர் சொன்னது அந்த நாட்டு மக்களின் மனதைத் தொட்டது. அந்த ரத்தத்தால் வந்த மஞ்சள் காமாலை பிற்காலம் வரை அவரை வாட்டியது. அப்படியும் 1966 வரை அங்கேயே இருந்து பணி செய்தார். ஒரு மனிதர் இதைவிட வேறென்ன கொடுக்க முடியும்?

சரி, தூதர் ஒருவர் போதுமா? பதவிக்காலம் முடிந்தால் அவர் ஊருக்குத் திரும்பிவிடுவார். இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த மனிதர் வருகிறார், யமமோட்டோ தடாஷி. அமைச்சரும் இல்லை, அதிகாரியும் இல்லை. 1967இல் இரு நாட்டு அரசியல்வாதிகளையும் அறிஞர்களையும் ஷிமோடா என்ற சிறிய துறைமுக ஊரில் கூட்டிவைத்ததில் பெரும் பங்கு அவருடையது. 1854இல் அமெரிக்கக் கடற்படைத் தளபதி பெர்ரியின் போர்க்கப்பல்களுக்குப் பணிந்து ஜப்பான் திறந்துவிட்ட இரண்டு துறைமுகங்களில் ஷிமோடாவும் ஒன்று. பீரங்கிக்குப் பயந்து கதவு திறந்த அதே ஊரில், நூறு வருடங்களுக்கு மேல் கழிந்து, சமமாக உட்கார்ந்து பேசினார்கள்.

அமெரிக்க செனட் பெரும்பான்மைத் தலைவர் மைக் மேன்ஸ்ஃபீல்ட் அங்கே வந்தார். ஜப்பானின் தெற்கே உள்ள தீவுப் பகுதியான ஒகினாவா அப்போது அமெரிக்க ஆட்சியில் இருந்தது. அதைத் திருப்பித் தருவது பற்றி அங்கே வெளிப்படையாகப் பேசினார்கள். 1972 மே 15 அன்று அது ஜப்பானுக்குத் திரும்பியது. ஒரு கூட்டத்தால் மட்டும் அது நடந்துவிடவில்லை. ஆனால் அரசுகள் வாய்திறக்கத் தயங்கிய விஷயத்தைப் பேசிப் பழக ஓர் இடம் கிடைத்தது. மேன்ஸ்ஃபீல்ட் பிறகு 1977 முதல் 1988 வரை டோக்கியோவில் தூதராக இருந்தார்.

1968இல் இரு நாட்டு நாடாளுமன்ற உறுப்பினர்கள் மாறிமாறிப் போய்வரும் திட்டமும் தொடங்கியது. அதில் பங்கெடுத்த இளம் உறுப்பினர்களில் தாமஸ் ஃபோலி ஒருவர். பின்னாளில் அவர் பிரதிநிதிகள் சபையின் சபாநாயகரானார், அப்புறம் டோக்கியோவில் தூதர். 2001 பிப்ரவரியில் ஹவாய் அருகே அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று திடீரென மேலெழுந்து, எஹிமே மாரு என்ற ஜப்பானிய மீன்பிடிப் பயிற்சிக் கப்பலை இடித்து மூழ்கடித்தது. பள்ளி மாணவர்கள் உட்பட 9 பேர் இறந்தார்கள். அந்த நேரத்தில் ஜப்பானிடம் மன்னிப்புக் கேட்க வேண்டிய பொறுப்பு ஃபோலிமீது விழுந்தது. முப்பது வருடம் அந்த நாட்டோடு பழகிய ஒருவரின் மன்னிப்புக்கு இருக்கும் கனம், நேற்று வந்து இறங்கியவரின் மன்னிப்புக்கு இருக்காது.

இதற்கு நேரெதிரான கதையும் உண்டு. 1971 ஜூலையில் சீனாவுக்குப் போகப்போவதாக நிக்சன் அறிவித்தார். சீனாவை அங்கீகரிக்காமல், தைவான் விஷயத்தில் அமெரிக்காவோடு ஒட்டி நின்ற ஜப்பான் பிரதமர் சாட்டோ எய்சாக்குவுக்குச் செய்தி போனது அறிவிப்புக்குச் சில நிமிடங்கள் முன்புதான். டோக்கியோவிலிருந்த அமெரிக்கத் தூதரோ முடிவெட்டிக்கொண்டிருக்கும்போது வானொலியில் கேட்டுத் தெரிந்துகொண்டார். அடுத்த மாதமே டாலருக்கும் தங்கத்துக்கும் இருந்த தொடர்பை, ஜப்பானைக் கலக்காமல் நிக்சன் வெட்டினார். ஜப்பானியர்கள் இன்றும் இதை ‘நிக்சன் அதிர்ச்சி’ என்றுதான் சொல்கிறார்கள்.

தலைவர்களின் நட்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. 2016இல் ஒபாமா ஹிரோஷிமாவுக்குப் போனதும், அதே ஆண்டு டிசம்பரில் ஜப்பான் பிரதமர் அபே பேர்ல் ஹார்பரில் தலைகுனிந்து நின்றதும் சின்ன விஷயங்கள் அல்ல. ஆனால் ரைஷாவர் கேட்ட கேள்வி இன்னும் அப்படியே இருக்கிறது: யாரோடு பேசாமல் விட்டோம்? ஜப்பானின் நிலப்பரப்பில் ஒகினாவா சுமார் 0.6 சதவீதம்தான். அமெரிக்கப் படைகளுக்கென்றே ஒதுக்கிய இடங்களில் சுமார் 70 சதவீதம் அங்கே இருக்கிறது. அங்குள்ள ஹெனோகோவில் கடலைத் தூர்த்துப் புதிய அமெரிக்கத் தளம் கட்டுவது பற்றி 2019 பிப்ரவரியில் ஒகினாவா மக்களிடம் வாக்கெடுப்பு நடந்தது. வாக்களித்தவர்களில் 70 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் வேண்டாம் என்றார்கள். கட்டுமானம் நிற்கவில்லை. டோக்கியோ காது கொடுக்காததால், ஒகினாவா ஆளுநர்கள் தாங்களே வாஷிங்டனுக்குப் போய் முறையிட்டார்கள்.

அடுத்த முறை அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் குழு ஜப்பானுக்கு வரும்போது, டோக்கியோவில் மூன்று நாள் இருந்தால், ஹெனோகோ இருக்கும் நாகோ நகரில் ஒரு நாளாவது இருக்கட்டும். படைத்தளத்தின் விருந்தினர் மாளிகையில் தங்காமல், வேலிக்கு வெளியே குடியிருப்பவர்களோடு உட்கார்ந்து பேசட்டும்.

நன்றி, வணக்கம்.