பார்சல் பைக்குள் மார்கழி வராது

நடுவர் அவர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், பனியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கும் புதுச்சேரிப் பெருமக்களுக்கும் வணக்கம்.

மார்கழி, தை மாலைக்கு இன்பம் தருவது வீட்டுக்கு வரவழைக்கும் சாப்பாடும் சின்னத்திரையுமா, வெளியே போய் நடப்பதும் உண்பதுமா? இதுதான் தலைப்பு. எதிரணித் தலைவர் அழுத்தமாகப் பேசினார். வெளியே மழையும் பனியும், சளி பிடிக்கும் என்றார். அதே தோசை அரை மணி நேரத்தில் வாசலுக்கு வரும்போது எதற்கு அலைச்சல் என்றார். ரோட்டுக்கடையில் சுத்தம் இல்லை என்றார். கடைசியாக, வீட்டில் இருக்கும் பெரியவர்களை என்ன செய்வீர்கள் என்று கேட்டார். நல்ல கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்கிறேன்.

முதலில் மழை. நமக்கு ஆண்டு மழையில் பெரும்பங்கு அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் பெய்துவிடுகிறது. ஆனால் அது எந்த நேரத்தில் பெய்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? இரவில் தரை சீக்கிரம் குளிர்ந்துவிடும், கடல் குளிராது. தரையிலிருந்து இறங்கும் குளிர்ந்த காற்றும் கடலிலிருந்து வரும் வடகிழக்குக் காற்றும் கரையோரத்தில் மோதி மேகம் திரளும். அதனால்தான் கரையோர மழை பின்னிரவில் வலுத்து விடியற்காலையில் கொட்டுகிறது. பள்ளிக்கு விடுமுறை விட்ட அன்றைக்கே மாலையில் வானம் வெளுத்துக் கிடப்பதை இந்த ஊரில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பொங்கல் நெருங்கும்போது மழையும் ஓய்ந்துவிடும். பகலில் 28, 29 டிகிரி, இரவில் 21 டிகிரி அளவு. மே மாதத்தில் 40 டிகிரியை ஒட்டி வேகும் ஊருக்கு இயற்கை விட்டுக்கொடுக்கும் இடைவெளி இவ்வளவுதான். இந்த மாலைகளிலும் கதவைச் சாத்திக்கொண்டால், பிறகு எப்போதுதான் வெளியே வருவது?

புயல் என்றால் நானே எதிரணியில் உட்காருகிறேன். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்தது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் வந்தபோது ஒரே நாளில் இங்கே ஏறக்குறைய அரை மீட்டர் மழை கொட்டியது. துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால் வீட்டில்தான் இருக்க வேண்டும், கடற்கரைப் பக்கம் வேடிக்கை பார்க்கவும் போகக் கூடாது. ஆனால் அப்படிப்பட்ட நாளில் பார்சல் கொண்டுவரும் தம்பி மட்டும் தண்ணீரில் வண்டி ஓட்டலாமா? எதிரணி இதற்குப் பதில் சொல்லட்டும்.

சளிக்கு வருவோம். சளி வைரஸால் வருகிறது, பனியால் வருவதில்லை. சன்னலைச் சாத்தி, பத்துப் பேர் ஒரே அறையில் ஒரே காற்றைச் சுவாசித்துப் படம் பார்க்கும்போதுதான் அது ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குச் சுலபமாகத் தாவுகிறது. கடற்கரையின் திறந்த காற்றில் அதற்கு வாய்ப்புக் குறைவு. இளைப்பு உள்ளவர்கள் மூடுபனி விழும் அதிகாலையையும் போகிப் புகையையும் தவிர்த்துவிட்டு, மாலையில் காதை மூடி ஒரு துண்டு கட்டிக்கொண்டு வரலாம்.

இப்போது சாப்பாடு. "அதே தோசை" என்றார்களே, அது அதே தோசை இல்லை, நடுவர் அவர்களே. தோசைக்கல்லுக்குப் பக்கத்தில் நின்று பாருங்கள். கல் மிதமிஞ்சிக் காய்ந்தால் மாவு விழுந்த இடத்திலேயே பிடித்துக்கொள்ளும், தேய்க்க வராது. அதனால்தான் ஒவ்வொரு தோசைக்கும் முன்னால் மாஸ்டர் தண்ணீர் தெளித்து, துடைப்பத்தால் ஒரு வழி வழித்துச் சூட்டைத் தணிக்கிறார். பிறகு மாவு, சுற்றி எண்ணெய். அடிப்பக்கம் ஈரம் முழுக்க வற்றிச் சிவந்த பிறகுதான் முறுகல் வருகிறது. மேல்பக்கத்தில் ஈரம் இன்னும் இருக்கிறது. அதை அப்படியே மடித்து, இலையில் வைத்து, காகிதம் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சுப் போட்டால் ஆவி எங்கே போகும்? முறுகிய பக்கத்துக்குள்ளேயே இறங்கும். பத்து நிமிடத்தில் துணிபோல் துவண்டுவிடும். மாவிலோ மாஸ்டர் கையிலோ குறை இல்லை. பையின் முடிச்சை அவிழ்த்து வைத்தால் கொஞ்சம் தாங்கும், ஆனால் இந்தக் குளிர்ந்த காற்றில் அதற்குள் ஆறிப்போகும். பரோட்டாவுக்கு வேறு கஷ்டம். வெந்த மாவுச்சத்து ஆற ஆற இறுகும். கல்லிலிருந்து எடுத்ததும் நாலைந்தைச் சேர்த்து இரு கையாலும் தட்டி அடுக்கைப் பிரிக்கிறார்களே, அந்தச் சூட்டிலேயே சால்னாவில் தோய்த்தால் உதிரும். ஆறிய பரோட்டாவை இழுக்கப் பல் வலிக்கும்.

நம் ஊருக்கே உரிய ஒன்று, பாகெட் என்னும் நீளமான ரொட்டி. பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன பழக்கம், இன்றும் நம் பேக்கரிகளில் போடுகிறார்கள். அதன் அழகு மேல் ஓட்டில் இருக்கிறது. உள்ளே இருக்கும் ஈரம் மெல்ல ஓட்டுக்கு நகரும், வெளியே கடற்காற்றின் ஈரமும் சேரும். சில மணி நேரத்தில் நொறுங்க வேண்டிய ஓடு தோல்போல் இழுக்கும். அடுப்பிலிருந்து எப்போது இறங்கும் என்று கேட்டுவைத்துக்கொண்டு அந்த நேரத்துக்குப் போய், காகிதப் பையில் வாங்கி, நடந்துகொண்டே பிய்த்துத் தின்ன வேண்டிய பண்டம் அது.

சுத்தம் பற்றிய கேள்விதான் மிக முக்கியமானது. பார்சலில் உங்களுக்குக் கிடைப்பது மூடிய டப்பா. எந்த எண்ணெய், எந்த மீன், ஒன்றும் தெரியாது. கடைமுன் நின்றால் எல்லாம் கண்ணெதிரே நடக்கிறது. பஜ்ஜி போடும்போது எண்ணெயைப் பாருங்கள். நல்ல எண்ணெயில் குமிழிகள் பெரிதாக எழும்பி உடனே உடையும். பலமுறை காய்ந்த எண்ணெயில் பொடிப்பொடியான நுரை பொங்கி அடங்காமல் நிற்கும், நிறம் கறுத்திருக்கும், அளவான தீயிலேயே புகை கிளம்பும். கெட்ட எண்ணெயில் துருவச் சேர்மங்கள், அதாவது எண்ணெய் சிதைந்து உண்டாகும் பொருட்கள், பெருகும். அவை 25 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. கருவி இல்லாமல் அதை அளக்க முடியாது, ஆனால் அந்த நுரையைக் கண்டதும் அடுத்த கடைக்கு நகர முடியும். தேங்காய்ச் சட்னியை முகர்ந்து பாருங்கள், புளித்த வாடை அடித்தால் சாம்பாரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கடலூர் பக்கம் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சுக்குப் போனால் வறுத்த மீன் கிடைக்கும். விசைப்படகு மீன்பிடிக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடை, குளிர்காலத்தில் அந்தத் தடை இல்லை, கடல் அடங்கினால் படகு போகும். ஆனாலும் சிவக்கச் சிவக்க மசாலா தடவி அடுக்கியிருக்கும் துண்டை வாங்காதீர்கள். மசாலாவுக்கு அடியில் மீன் எப்படி இருக்கிறது என்று தெரியாது. முழு மீனைக் காட்டச் சொல்லுங்கள். கண் தெளிந்து புடைத்திருக்க வேண்டும், செவுள் சிவந்திருக்க வேண்டும், விரலால் அழுத்தினால் சதை மீண்டு எழ வேண்டும். வஞ்சிரம் என்றால் அரை அங்குலக் கனத்தில் நறுக்கச் சொல்லி, உங்கள் முன்னாலேயே மசாலா தடவச் சொல்லுங்கள். கல்லில் போட்டதும் அவசரப்படுத்தக் கூடாது. அடிப்பக்கம் இறுகும் முன் திருப்பினால் மசாலா கல்லோடு போய்விடும், வெறும் சதைதான் தட்டுக்கு வரும். நல்ல மீன் முள்ளைவிட்டு இதழ் இதழாகப் பிரியும், கெட்டது குழையும். இத்தனையும் பார்த்துக் கேட்டு வாங்குவதற்குச் செல்போனில் ஒரு பொத்தானும் இல்லை.

சின்னத்திரையில் வரும் தொடரைச் சித்திரை வெயிலில் பார்க்கலாம், ஓடிப்போகாது. சிதம்பரத்தில் ஆருத்ரா தரிசனமும் அதற்கு முந்தைய நாள் தேரும் மார்கழியில்தான். தை ஐந்தாம் நாள் தென்பெண்ணைக் கரையில் ஆற்றுத் திருவிழா. சுற்றுவட்டாரச் சாமிகளெல்லாம் ஆற்றுக்குத் தீர்த்தவாரிக்கு வருகின்றன, மணலில் கடை விரிகிறது, குடும்பம் குடும்பமாகச் சுருளிக்கிழங்கு வாங்கிக்கொண்டு போகிறார்கள். சொந்தக்காரர்களைச் சொல்லி அனுப்பாமலே சந்திக்கிற இடம் அது. காலையில் போங்கள், வெயில் ஏறினால் மணல் சுடும். தண்ணீர் ஓடும் ஆண்டாக இருந்தால் மணல் அள்ளிய பள்ளங்கள் கண்ணுக்குத் தெரியாது, குழந்தையின் கையை விடாதீர்கள்.

கடைசியாக, பெரியவர்கள். அவர்களைப் பற்றிய கவலைதான் எதிரணியின் பேச்சிலேயே எனக்குப் பிடித்தது. ஆனால் அறைக்குள் தனியாகத் தொலைக்காட்சியைப் பார்த்தபடி இருப்பவர்கள் அவர்கள்தானே, அவர்களுக்குத்தான் இந்த மாலை முதலில் வேண்டும். நம் கடற்கரைச் சாலையில் மாலை ஆறு மணிக்கு வண்டிகளை நிறுத்திவிடுகிறார்கள், மறுநாள் காலை ஏழரை வரை நடப்பவர்களுக்கு மட்டும்தான் சாலை. தடுக்கி விழ மேடுபள்ளம் குறைவு, சக்கர நாற்காலியும் தாராளமாக உருளும். ஆறு அடித்துவிட்டால் ஆட்டோ உள்ளே வராது, அதனால் ஐந்தரைக்கே காந்தி சிலைப் பக்கம் கொண்டுவந்து இறக்கிவிடுங்கள். திரும்பும்போது குறுக்குத் தெருமுனையில் ஆட்டோவை நிற்கச் சொல்லுங்கள். சனி, ஞாயிறு வெளியூர்க் கூட்டம் நெருக்கும். டிசம்பர் கடைசி வாரம் சொல்லவே வேண்டாம். செவ்வாய், புதனில் அழைத்து வாருங்கள். சால்வை ஒன்று, பிளாஸ்கில் வெந்நீர், சர்க்கரை உள்ளவர்களுக்கு நேரத்துக்குச் சாப்பாடு. பஜ்ஜி ஆகாதென்றால் சூடான பட்டாணி சுண்டல் போதும், மாங்காய்த் துருவலைக் கொஞ்சம் கூடப் போடச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.