கால்சியம் 9.2 இருந்தால் எல்லாம் சரியா?

[திரையில்: ரத்தப் பரிசோதனைத் தாள், மூன்று வரிகள் மட்டும் பெரிதாக]

குரல்: நாகர்கோவில் லேப் ஒன்றில் இப்படி ஒரு ரிப்போர்ட் வந்ததாக வைத்துக்கொள்வோம். கால்சியம் 9.2, வைட்டமின் டி 11, பாராதைராய்டு ஹார்மோன் 110. கால்சியம் 8.5-க்கும் 10.5-க்கும் நடுவில்தான் இருக்கிறது. ஆனால் 65-க்குள் இருக்க வேண்டிய ஹார்மோன் ஏன் ஏறியது?

[திரையில்: தைராய்டின் பின்பக்கம், நான்கு புள்ளிகள்]

குரல்: தைராய்டின் முதுகில் அரிசிமணி அளவில் பொதுவாக நான்கு பாராதைராய்டு சுரப்பிகள். ரத்தத்தில் அயனி கால்சியம், அதாவது எதோடும் ஒட்டாமல் தனியாக இருக்கும் கால்சியம், லேசாகக் குறைந்தாலே சில நொடிகளில் ஹார்மோனை விடும்.

அது சிறுநீரகத்தில் மூன்று வேலை பார்க்கும். சிறுநீரில் போகவிருந்த கால்சியத்தைத் திரும்ப இழுக்கும். வைட்டமின் டி-யைச் செயல்வடிவத்துக்கு மாற்ற வைக்கும். குடல் கால்சியத்தை நன்றாக உறிஞ்சுவது அதன் பிறகுதான். மூன்றாவது, பாஸ்பேட்டை வெளியே தள்ளும். இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். எலும்பு கரையும்போது பாஸ்பேட்டும் சேர்ந்தே வரும்; அது ரத்தத்தில் தங்கினால் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும்.

எலும்பில் நேர்வழி கிடையாது. ஹார்மோன் போய் ஒட்டுவது எலும்பு கட்டும் செல்லில். அது சைகை கொடுத்தால்தான் எலும்பைக் கரைக்கும் செல் பெருகும்.

[திரையில்: மீண்டும் அதே தாள்]

குரல்: இப்போது இந்த 9.2-ஐப் பாருங்கள். விடிந்ததிலிருந்து அண்டி ஆபீஸுக்குள், அதாவது முந்திரி ஆலைக்குள், இருப்பவருக்கு வெளியே அடிக்கும் வெயிலால் பலன் இல்லை. வைட்டமின் டி இப்படி 11-இல் நின்று போதாதபோது நெத்தோலியை முள்ளோடு தின்றாலும் குடல் எடுப்பது கொஞ்சம்தான். மிச்சத்தை எலும்பு கொடுக்கிறது. அதனால், எங்கள் கணக்கில் இது நார்மல் ரிப்போர்ட் அல்ல.

ஹார்மோன் அதே 110, ஆனால் கால்சியம் 11.4 என்றால் கதை வேறு. சுரப்பியே கட்டுப்பாடு இழந்திருக்கலாம்; பெரும்பாலும் ஒரே ஒரு சுரப்பியில் வளர்ந்த சாதாரணக் கட்டி. சிறுநீரகக் கல் திரும்பத் திரும்ப வருபவர்கள் கால்சியம், ஹார்மோன் இரண்டையும் ஒருமுறையாவது பார்க்க வேண்டும். கால்சியம் ஏறி ஹார்மோன் அடிமட்டத்தில் இருந்தால் சுரப்பியைக் குறை சொல்ல முடியாது. புற்றுநோயா, ஆறு லட்சம் யூனிட் வைட்டமின் டி ஊசியை அடிக்கடி போட்டதா என்று தேட வேண்டும்.

[திரையில்: கழுத்தில் தையல், மடங்கிய விரல்கள்]

குரல்: தைராய்டு ஆபரேஷனில் இந்தச் சுரப்பிகள் அடிபட்டால் கால்சியம் இறங்கலாம். அதனால் ஆபரேஷனுக்குப் பிறகு முதல் மூன்று நாட்களில் உதட்டைச் சுற்றி மரத்துப்போனாலோ, விரல்கள் இழுத்தாலோ உடனே நர்ஸிடம் சொல்லுங்கள். வீட்டில் என்றால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கால்சியம் கொடுத்தும் ஏறவில்லையா? மக்னீசியத்தைப் பாருங்கள். அது மிகவும் குறைந்தால் சுரப்பி ஹார்மோனை விடாது. அதைச் சரிசெய்யாமல் கால்சியம் நிலைக்காது.