தொப்பியில் ஒரு யானை

மதுரை வானொலி நேயர்களுக்கு வணக்கம். எனக்கு ஊர் ஒத்தக்கடை. மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் ஹவில்தாராக இருந்து வந்தவன். தொப்பியில் குத்தும் சின்னத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள்.

பட்டாளத்துக்குச் சின்னம் என்பது வெள்ளைக்காரன் கொண்டுவந்த பழக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். சேர, சோழ, பாண்டியர் படைகள் போர்க்களத்தில் யார் யார் என்று தெரிவதற்காகப் பனம்பூ, ஆத்திப்பூ, வேப்பம்பூ சூடியதைத் தொல்காப்பியமே சொல்கிறது. நம் பாண்டியர் பூ வேம்பு. வாடினால் மறுநாள் புதிதாகப் பறித்துக்கொள்ளலாம், பாலிஷ் போடும் வேலையில்லை!

எங்கள் சின்னத்தில் கேடயத்தின்மேல் ஒரு யானை நிற்கும், கூடவே குறுக்காக இரண்டு வாள். அதற்கு அசாயே யானை என்று பெயர். அசாயே இன்றைய மகாராஷ்டிரத்தில் உள்ள ஊர். 1803 செப்டம்பர் 23 அன்று அங்கே மராத்தியரைக் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை வென்றது. அதில் நம் மதராஸ் சிப்பாய்கள் காட்டிய வீரத்துக்குக் கிடைத்த மரியாதைதான் யானை. படையை நடத்திய வெல்லெஸ்லிதான் பின்னால் வெலிங்டன் பிரபு ஆனார். நீலகிரியில் அவர் பெயர் தாங்கிய ஊரில்தான் எங்களுக்குப் பயிற்சி.

யாரோ ஒரு கம்பெனிக்காக நம்மவன் இன்னொரு நம்மவனோடு மோதிய சண்டை அது. அந்தக் கதையை எங்களுக்குப் பயிற்சி கொடுத்த உஸ்தாத் சொன்னபோது எனக்குக் கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. ஆனால் யானைமலையைப் பார்த்து வளர்ந்தவன் நான். மதுரையை அழிக்க ஏவிய யானைதான் சொக்கநாதர் அம்பு பட்டு மலையாகக் கிடக்கிறது என்கிறது திருவிளையாடல். பகையாக வந்த யானை எங்கள் ஊர் அடையாளமாகிவிட்டது. அப்புறம் இந்த யானைக்கு மட்டும் என்ன?

ரெஜிமென்ட்டின் வாசகம் கீதையிலிருந்து எடுத்தது: 'ஸ்வதர்மே நிதனம் ஷ்ரேய'. தன் கடமையில் சாவதே மேல் என்று பொருள். ஆனால் பாய்ந்து போகும்போது வாயில் வருவது 'வீர மதராஸி, அடி கொல்லு, அடி கொல்லு' என்ற தமிழ்தான்.

என்னுடைய பழைய பித்தளைச் சின்னம் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. "தாத்தா, யானைக்குக் கண்ணே இல்லையே?" என்றான் பேரன். தினமும் பிராசோ போட்டுத் தேய்த்ததில் கண்ணும் போச்சு, தந்தமும் பாதி போச்சு.