வேலை கிடைச்ச பிறகுதான் கையைக் கடிக்கும்

(திரையில்: திருநெல்வேலி ஜங்ஷன். நெல்லை எக்ஸ்பிரஸ் கிளம்புற நேரம். கையில ரெண்டு பையோட ஒரு பையன்.)

வணக்கம் மக்கா. பரீட்சை முடிஞ்சாச்சு, ரிசல்ட்டும் வந்தாச்சு. "அடுத்து என்ன சோலி?"ன்னு தெருவுல பாக்குறவங்கல்லாம் கேக்காங்க. அந்தக் கட்டத்துல இருக்கிறவங்களுக்குத்தான் இந்த வீடியோ. வேலை எப்படி வாங்குறதுன்னு நான் சொல்லப்போறதில்லை. துட்டு, அதை மட்டும் பேசுவோம்.

வேலை தேடுற மாசங்கள்லதான் கஷ்டம்னு எல்லாரும் நினைக்காங்க. என் அனுபவத்துல அது அப்படி இல்லை. வீட்ல இருக்கிற வரைக்கும் சோறு அம்மா போடுதாங்க. செலவுன்னா பஸ்ஸு, ஜெராக்ஸ், ரீசார்ஜ், இன்டர்வியூ டிக்கெட். கையைக் கடிக்கிறது ஆஃபர் லெட்டர் வந்த அன்னைக்குத்தான் ஆரம்பிக்கும்.

என் கதையைச் சொல்லுதேன். பாளையங்கோட்டையில படிச்சேன். சென்னையில வேலை. ஜூன் 22 அன்னைக்குச் சேரச் சொன்னாங்க. ஆகா, இன்னும் எட்டு நாள்ல மாசக் கடைசி, பாதிச் சம்பளமாவது வரும்னு நினைச்சேன். வரலை. அந்தக் கம்பெனியில 20ஆம் தேதியோட சம்பளக் கணக்கை முடிச்சிருவாங்களாம். அதுக்குப் பிறகு சேர்ந்தா அடுத்த மாசத்தோட சேர்த்துத்தான். ஜூலை 31 அன்னைக்குத்தான் முதல் சம்பளம். மொத்தம் 39 நாள். ஆஃபர் லெட்டர்ல இது ஒரு வரி கூட இல்லை, நானும் கேக்கலை.

(திரையில்: காலண்டர். ஜூன் 22ல வட்டம், ஜூலை 31ல வட்டம்.)

அந்த 39 நாள் முடியுறதுக்குள்ள என்னென்ன கட்டணும்னு பாருங்க. கணக்குக்கு விடுதி வாடகை சாப்பாட்டோட 7,000ன்னு வைப்போம். ஒரு மாச அட்வான்ஸ் 7,000, முதல் மாச வாடகை 7,000. இது ரெண்டும் சேர்ற அன்னைக்கே. ரெண்டு செட் ஆபீஸ் சட்டை பேண்ட், ஒரு ஷூ, மெத்தை, பக்கெட், மெடிக்கல் சர்டிபிகேட், தினமும் மின்சார ரயில். ஜூலை பிறந்ததும் அடுத்த வாடகை கேப்பாங்க, அப்பவும் சம்பளம் வந்திருக்காது. எப்படிச் சுருக்கினாலும் 25,000 இல்லாம ஆகலை. சம்பாதிக்கப் போறவன் கையில சம்பாதிக்கிறதை விட அதிகமா இருக்கணும். வேடிக்கைதான்.

அதனால நான் சொல்லுறது ஒண்ணுதான். வீட்ல சும்மா இருக்கிற மாசத்துல கிடைக்கிற துட்டை அந்த மாசமே தீத்துராதீங்க. டியூஷன் எடுக்கீங்க, கல்யாண மண்டபத்துல கேட்டரிங் வேலைக்குப் போறீங்க, ஜவுளிக்கடையில ஆடிக் கூட்டத்துக்கு நிக்கீங்க, எதுவானாலும் அது ரயில் ஏறுற அன்னைக்கு உள்ள துட்டு.

இன்னொரு துட்டு உங்களுக்கே மறந்திருக்கும். காலேஜ்ல சேரும்போது காஷன் டெபாசிட் கட்டியிருப்பீங்க. பாதிப்பேரு திரும்ப வாங்குறதே இல்லை. டி.சி. வாங்கப் போற அன்னைக்கே லைப்ரரி, லேப், ஹாஸ்டல் எல்லாத்துலயும் நோ டியூ கையெழுத்து வாங்கி, அதையும் கேட்டு வாங்கிருங்க. ஊரை விட்டுப் போயிட்டா அதுக்குன்னு லீவு போட்டு வரணும்.

அதே நேரம் நிக்குற துட்டும் உண்டு. புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டத்துல மாசம் 1,000 ரூபாய் வந்திட்டு இருந்தா, படிப்போட அது நின்னுரும். வேலைவாய்ப்பு அலுவலகத்துல பதிஞ்சா உதவித்தொகை கிடைக்குமேன்னு சித்தப்பா யாராவது சொல்லுவாங்க. பட்டதாரிக்கு மாசம் 600 ரூபாய், அதுவும் பதிஞ்சு அஞ்சு வருஷம் காத்திருந்த பிறகு. பதிஞ்சு வைங்க, ஆனா இந்தக் கணக்குல அதைச் சேக்காதீங்க.

சரி, 25,000 சேரலை. கடன்தான் வழின்னா?

(திரையில்: அடகுக்கடை போர்டு ஒரு பக்கம், கூட்டுறவு வங்கி வாசல் மறுபக்கம்.)

எங்க அம்மா பீடி சுத்துறவங்க. வாரக் கூலி. அவங்க கையில மொத்தமா 10,000 எப்பவுமே இருந்தது கிடையாது. கம்மலைக் கழட்டிக் குடுத்தாங்க. நான் அவசரத்துல தெருமுனை அடகுக்கடைக்குப் போனேன். நூத்துக்கு ரெண்டு வட்டி. ரெண்டுன்னா கேக்கக் குறைச்சலாத்தான் இருக்கும். அது மாசத்துக்கு, வருஷத்துக்கு 24. அதுலயும் நாள் கணக்கு கிடையாது, மாசக் கணக்கு. ரெண்டு மாசமும் பத்து நாளும் ஆச்சுன்னா மூணு மாச வட்டி. 10,000 ரூபாய்க்கு 600 கட்டினேன். வருஷத்துக்கு 9 சதவீதம் போடுற வங்கியில வச்சிருந்தா முழு மூணு மாசத்துக்கே 225தான். ஒரு காலைப்பொழுது வரிசையில நிக்கச் சோம்பல்பட்டதுக்கு எனக்குக் கூடுதலா ஆன செலவு 375.

அதுவாவது பரவாயில்லை. போன்ல வர்ற லோன் ஆப் பக்கம் தலை வச்சுப் படுக்காதீங்க. 5,000 கடன்னு சொல்லி, கட்டணம் அது இதுன்னு பிடிச்சிட்டு 3,500 அனுப்புவான். ஏழாம் நாள் 5,000 கட்டணும். 3,500க்கு 1,500, ஒரே வாரத்துல 43 சதவீதம்! கட்டலைன்னா உங்க போன்ல உள்ள நம்பருக்கெல்லாம் அசிங்கமா மெசேஜ் போகும். ரிசர்வ் வங்கி 2022லயே விதி போட்டிருக்கு: கடன் துட்டு வங்கியில இருந்தோ பதிவான நிதி நிறுவனத்துல இருந்தோ நேரா உங்க கணக்குக்கு வரணும், மொத்தச் செலவு எவ்வளவுன்னு முன்கூட்டியே எழுதிக் காட்டணும். காட்டலைன்னா விட்டுருங்க. மாட்டிக்கிட்டா சைபர் குற்ற உதவி எண் 1930க்குப் போன் போடுங்க. வேலை தாரேன், அதுக்கு முன்னாடி ட்ரெய்னிங் பீஸ் கட்டுன்னு சொல்லி ஏமாத்துனாலும் அதே நம்பர்தான்.

கல்விக்கடன் இருக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. படிப்புக் காலம், அதுக்கு மேல ஒரு வருஷம், இதுவரைக்கும் பெரும்பாலும் தவணை கேக்க மாட்டாங்க. ஆனா வட்டி ஓடிக்கிட்டேதான் இருக்கும். 3 லட்சத்துக்கு 10 சதவீதம்னா மாசம் 2,500. வேலை இல்லாதப்போ அதைக் கட்டுறேன்னு கடன் வாங்காதீங்க. ஒரு வருஷம் முடியப்போவுது, வேலை இன்னும் அமையலைன்னா, தேதி தப்புறதுக்கு முன்னாடியே கிளைக்குப் போய்ப் பேசுங்க. தவணை தப்புனா, கூடக் கையெழுத்துப் போட்ட அப்பாவோட சிபில் மதிப்பெண்ணும், அதான் கடனை ஒழுங்காக் கட்டுறாரான்னு காட்டுற மதிப்பெண், அடிபடும்.

இப்போ சம்பளத்துக்கு வாரேன். ஆஃபர்ல 20,000ன்னு இருந்தா கைக்கு 20,000 வராது. அடிப்படைச் சம்பளம் 12,000ன்னா அதுல 12 சதவீதம் பி.எஃப்., 1,440. மாதச் சம்பளம் 21,000க்குள்ள இருந்தா இ.எஸ்.ஐ.ன்னு மருத்துவக் காப்பீட்டுக்கு 0.75 சதவீதம், 150. மிச்சம் 18,410. அரையாண்டுக்கு ஒருதடவை தொழில் வரியும் பிடிப்பாங்க.

ஆனா என் முதல் சம்பளம் அதை விடப் பெருசா வந்தது. ஜூன்ல வேலை பாத்த ஒம்பது நாளும் சேர்ந்து 24,000 கிட்ட. அதைப் பாத்துட்டு அன்னைக்கு ராத்திரியே தவணையில ஒரு போன் பாத்து வச்சேன். அறையில கூட இருந்த தென்காசி அண்ணன்தான், "ஏல, அடுத்த மாசத்தைப் பாத்துட்டு வாங்கு"ன்னாரு. ஆகஸ்ட் 31 அன்னைக்கு 18,410 வந்தது. போனை விட்டுட்டேன். அந்தச் சம்பளத்துலதான் கம்மலை மீட்டேன். அம்மா காதுல போட்டுக்கிட்டே கேட்டாங்க, "வட்டி எவ்வளவுல?" 225ன்னு சொல்லிட்டேன்.