கெவின் சின்ஃபீல்டும் அம்மி நகர்ந்த கதையும்

விழாத் தலைவர் அவர்களே, சனிக்கிழமைதோறும் விடியற்காலையில் வந்து மைதானத்தில் கோடு போட்டுக் கொடுக்கும் மன்றப் பொறுப்பாளர்களே, தமிழ்ப் பள்ளித் தலைமையாசிரியை அவர்களே, எனக்கு முன் அழகாகப் பேசி அமர்ந்திருக்கும் மருத்துவர் அம்மா அவர்களே, இந்த மழையிலும் பிள்ளைகளோடு வந்திருக்கும் லீட்ஸ் வாழ் தமிழ்ப் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம். மண்டபத்தைக் கட்டணமின்றிக் கொடுத்தவர்களுக்கும், பின்கட்டில் இன்னும் தேநீர் ஊற்றிக்கொண்டிருக்கும் தாய்மார்களுக்கும் தனியாக ஒரு வணக்கம்.

நம் ஊர் ரக்பி லீக் வீரர் கெவின் சின்ஃபீல்டைப் பற்றி மூன்று கோணங்களில் பேசுகிறேன்: ஆட்டக்காரர், அணித்தலைவர், பயிற்சியாளர். நேரம் இருந்தால் அவர் நிர்வாகியாக இருந்த காலத்தையும் தொடுவேன். ஆனால் எந்தக் கோணத்தில் பார்த்தாலும் ஒரே பழமொழியில்தான் போய் நிற்கும். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்.

1980இல் ஓல்டமில் பிறந்தவர். 1997இல், 16 வயதில், லீட்ஸ் ரைனோஸ் அணிக்காக முதல் ஆட்டம். 2015 வரை அதே அணி. 521 ஆட்டங்கள், 3,967 புள்ளிகள். முதுகில் 13ஆம் எண், அதாவது லூஸ் ஃபார்வர்ட். தடுப்பதும் அவர், பந்தைக் கைமாற்றுவதும் அவர், கோல் உதைப்பதும் அவர். 2003இல், 22 வயதில், அணித்தலைமை அவர் கைக்கு வந்தது.

அந்த 2003ஐத்தான் இன்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏப்ரல் 26, கார்டிஃப். வெம்ப்ளியைப் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த காலம் என்பதால் ரக்பி லீக்கின் நாக்-அவுட் போட்டியான சேலஞ்ச் கோப்பையின் இறுதியாட்டம் அங்கே நடந்தது. எதிரணி பக்கத்து ஊர்க்காரர்கள், பிராட்ஃபோர்ட் புல்ஸ். பிராட்ஃபோர்ட் 22, லீட்ஸ் 20. ஆட்டம் முடியப்போகும் நேரம். லீட்ஸுக்கு ஒரு பெனால்டி கிடைக்கிறது, கோலுக்கு எட்டும் தூரத்தில். இந்த ஆட்டத்தின் கணக்கு தெரியாதவர்கள் கவனியுங்கள்: பெனால்டி கோலுக்கு 2 புள்ளி. உதைத்தால் 22க்கு 22, சமன். டிரை, அதாவது பந்தை எதிரணியின் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய்த் தரையில் அழுத்துவது, போட்டால் 4 புள்ளி. போட்டுவிட்டால் கோப்பையே கையில். தலைவருக்கு வயது 22. உதைக்க வேண்டியவரும் அவரே. கம்பத்தைப் பார்க்கிறார், தன் ஆட்களைப் பார்க்கிறார், எதிரே பிராட்ஃபோர்ட் ஆட்கள் இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்குவதைப் பார்க்கிறார். கோல் வேண்டாம், ஓடுவோம் என்கிறார். ஓடினார்கள். டிரை விழவில்லை. மணி அடித்தது. கோப்பை பிராட்ஃபோர்டுக்குப் போனது.

அந்த முடிவைப் பற்றி இந்த ஊரில் இன்றும் பேசுவார்கள். அது தவறான முடிவு என்று நான் சொல்ல மாட்டேன். அடுத்த ஆண்டு நடந்ததைப் பாருங்கள். 2004 அக்டோபர், ஓல்ட் டிராஃபோர்ட், அதே பிராட்ஃபோர்ட், லீக் சாம்பியன் யார் என்று முடிவு செய்யும் கிராண்ட் ஃபைனல். லீட்ஸ் 16, பிராட்ஃபோர்ட் 8. அந்த 16இல் 8 புள்ளி சின்ஃபீல்டின் காலிலிருந்து வந்தவை, நான்கு கோல்கள். 1972க்குப் பிறகு, 32 ஆண்டு கழித்து, லீட்ஸுக்குச் சாம்பியன் பட்டம். அதிலிருந்து அவர் தலைமையில் மொத்தம் ஏழு கிராண்ட் ஃபைனல் வெற்றி. சேலஞ்ச் கோப்பை மட்டும் கைக்கு எட்டவே இல்லை. 2005இல் ஹல் அணியிடம் ஒரே ஒரு புள்ளியில் தோல்வி. 2010, 2011, 2012 என்று அடுத்தடுத்து மூன்று இறுதியாட்டத் தோல்விகள். 2014இல் காசில்ஃபோர்டை 23க்கு 10 என்று வென்றுதான் வாங்கினார்கள். அடிமேல் அடி, ஐயா. அம்மி நகர 11 ஆண்டுகள் ஆயின!

2015இல் மூன்று கோப்பைகளோடு விடைபெற்று, ஓராண்டு ரக்பியின் இன்னொரு வகையான ரக்பி யூனியன் ஆடிப் பார்த்தார். அது பெரிதாகச் சோபிக்கவில்லை. 2018இல் லீட்ஸ் தடுமாறியபோது ரக்பி இயக்குநராகத் திரும்பி வந்தார். லீட்ஸில் அவரோடு ஆடிய ராப் பரோவைப் பற்றி இந்த ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. தசைகளை மெல்லச் செயலிழக்கச் செய்யும் மோட்டார் நியூரான் நோயில் விழுந்த நண்பருக்காக, நண்பரின் சட்டை எண் 7 என்பதால், 2020 டிசம்பரில் ஏழு நாளில் ஏழு மாரத்தான் ஓடினார். நன்கொடை இலக்கு 77,777 பவுண்டு. சேர்ந்ததோ 20 லட்சத்துக்கு மேல். 2023 மே மாதம் லீட்ஸ் மாரத்தானின் முடிவில், ஹெடிங்லி மைதானத்தில், ராபின் சக்கர நாற்காலியை முடிவுக் கோட்டுக்கு முன்னால் நிறுத்தி, வாரை அவிழ்த்து, ராபை இரு கைகளிலும் ஏந்திக் கோட்டைக் கடந்த காட்சியை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள்.

இப்போது பயிற்சியாளர். 2021இல் லெஸ்டர் டைகர்ஸ் யூனியன் அணி அவரைத் தடுப்புப் பயிற்சியாளராக அழைத்தது. மறு ஆண்டே லெஸ்டர் சாம்பியன், இறுதியில் சாரசென்ஸை 15க்கு 12. பிறகு லெஸ்டரின் தலைமைப் பயிற்சியாளராக இருந்த ஸ்டீவ் போர்த்விக்கோடு இங்கிலாந்து யூனியன் அணிக்குப் போனார். லீக் ஆளை யூனியன் ஏன் தேடுகிறது? ஃபில் லார்டர், ஷான் எட்வர்ட்ஸ், ஆண்டி ஃபாரல் எல்லோரும் இதே வழியில் போனவர்கள். லீக்கில் பந்து வைத்திருக்கும் அணிக்கு ஆறு டேக்கிள்தான், அதாவது பந்துக்காரரை எதிரணி ஆறு முறை பிடித்து நிறுத்தும்வரைதான் பந்து அவர்களிடம். ஒவ்வொரு டேக்கிளுக்குப் பிறகும், பந்துக்கு எதிரே நிற்கும் இரண்டு மார்க்கர்கள் தவிர, தடுப்பவர்கள் எல்லோரும் 10 மீட்டர் பின்வாங்கி, வரிசை கட்டி, ஒன்றாக முன்னேற வேண்டும். ஒருவர் அரை அடி முந்தினாலும் பிந்தினாலும் நடுவில் ஓட்டை விழும். 80 நிமிடம் இதையே செய்து பழகியவனுக்குத் தடுப்பு உடம்பிலேயே ஊறிவிடும்.

பெற்றோர்களே, நான் இங்கே வந்தது இதைச் சொல்லத்தான். நம் பிள்ளைகளுக்கு டேக்கிள் சொல்லிக்கொடுக்க ஆள் போதவில்லை. டேக்கிளில் பந்து வைத்திருப்பவனைவிடத் தடுப்பவனுக்கே தலையில் அதிகம் அடிபடுகிறது. காரணம் முரட்டுத்தனம் அல்ல, தலை இருக்கும் இடம். முன்னால் ஓடுகிறவனின் இடுப்புக்குக் குறுக்கே தலையை வைத்தால் முழங்காலோ இடுப்பெலும்போ நெற்றிப்பொட்டில் இடிக்கும். தலை பின்பக்கம், கன்னம் அவன் பிட்டத்தோடு ஒட்டியபடி இருக்க வேண்டும். பார்வை அவன் கால்சட்டையில். தாடை நெஞ்சில் படக்கூடாது. எந்தத் தோள் இடிக்கிறதோ அதே பக்கக் கால் அவனுக்கு அருகில் ஊன்றியிருக்க வேண்டும். கால் தூரத்தில் இருந்தால் பிள்ளை பாய்வான், பாய்ந்தால் தலை கவிழும், கண் மூடிக்கொள்ளும். இரு கையும் சுற்றி இறுக்கிய பிறகுதான் காலால் தள்ளுவது.

இதை முதலில் இருவரும் முழங்காலில் நின்று, பிறகு நடந்து, பிறகு மெதுவாக ஓடி, கடைசியில்தான் வேகத்தில். ஒரு பயிற்சியில் 15 நிமிடம் போதும். வலது தோளுக்கு எத்தனை முறையோ இடதுக்கும் அத்தனை முறை, ஏனென்றால் பலவீனமான தோளில்தான் தலை தவறான பக்கம் போகிறது. அடிமேல் அடி என்று நான் சொல்வது இந்தத் திரும்பத் திரும்பச் செய்வதைத்தான். 2023 முதல் யூனியனின் உள்ளூர் ஆட்டங்களில் நெஞ்செலும்பின் அடிப்பகுதிக்குக் கீழேதான் பிடிக்கலாம் என்று விதியே வந்துவிட்டது. விதி தாளில் இருந்து பயனில்லை, புதன்கிழமை மாலை மைதானத்தில் அதைச் சொல்ல ஒரு பெரியவர் நிற்க வேண்டும்.

தலையில் அடிபட்டதாகச் சந்தேகம் வந்தாலே பிள்ளையை வெளியே கொண்டுவந்துவிடுங்கள். அன்று மீண்டும் ஆட விடாதீர்கள். முதல் 24 முதல் 48 மணி நேரம் ஓய்வு. குறைந்தது 21 நாள் போட்டி கிடையாது, அதிலும் தலைவலி போன்ற அறிகுறி இல்லாமல் 14 நாள் கழிந்திருக்க வேண்டும். பயிற்சியாளர் ‘ஒன்றுமில்லை, ஆடட்டும்’ என்றால் நீங்கள் மறுத்துச் சொல்லுங்கள்.

தலைவர் மணியைப் பார்க்கிறார். நிர்வாகி சின்ஃபீல்டுக்கு இன்று நேரமில்லை, பொறுத்தருளுங்கள். வாசலருகே மேசையில் ஒரு தாள் இருக்கிறது. பயிற்சியாளர் வகுப்புக்குச் சேர விரும்பும் அப்பாக்களும் அம்மாக்களும் பெயர் எழுதுங்கள். பிள்ளைகளோடு பழகுவதால் டிபிஎஸ் என்ற குற்றப் பின்னணிச் சோதனை உண்டு, அதற்கு அடையாள அட்டையும் முகவரிச் சான்றும் கொண்டு வாருங்கள். முதலுதவி வகுப்பும் கூடவே. ஆடிப் பழக்கம் இல்லாதவர்களும் எழுதலாம், முழங்காலில் நின்று தொடங்கும் பாடம் அவர்களுக்கும் சேர்த்துத்தான். நன்றி, வணக்கம்.